கப்பலு பெருசுதான் கண்ணு, குழாயப் புடிக்கறது யாரு?

ஏங்கண்ணு, ராத்திரி ஷிப்டு முடிச்சு ஓசூருல இருந்து வந்தவன் படுத்துத் தூங்காம அந்தச் செல்லுல என்னத்த அப்பிடிப் பாக்கற? விமானந்தாங்கிக் கப்பலா? நல்லது. நாகரசம்பட்டியில இருந்து கடலு கண்ணுல படணும்னா ஒரு பகலு முச்சூடும் பஸ்ஸுல உக்காரணும். நம்மூருல தண்ணின்னா தென்பெண்ணை, இல்லாட்டி ஏரி. ஆனா உன்னக் கேட்டா அமெரிக்காவுக்கு 11 கப்பலு, சைனாக்காரன் எத்தினி வெச்சிருக்கான், எது எத்தினி டன்னு, எல்லாம் நாக்கு நுனியில நிக்குது.

வீடியோவுக்குப் பின்னால மேளம் வேற அடிக்கறான். விமானம் கெளம்புது, நெருப்பக் கக்குது, உனக்கு நெஞ்சு நிமுருது. நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அந்தக் கப்பல்ல தீப்புடிச்சா அணைக்கறது யாரு? கக்கூசு அடைச்சுக்கிட்டா யாரக் கூப்புடுவான்? மேல வரிசையா நிக்குதே விமானம், அதுல இன்னிக்குக் காலையில பறக்கற நெலமையில எத்தினி இருக்கு? அதெல்லாம் வரலியா? வராது. மேளத்துக்கு ஒத்து வராது.

உங்க சித்தப்பன் 2016-ல ஒரு பஜாஜ் வண்டி வாங்கினானே, பெட்ரோல் டேங்குல போர்க்கப்பல் இரும்பு கலந்திருக்குதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சானே, ஞாபகம் இருக்கா? அது நெசந்தான். நம்ம பழைய விக்ராந்த்த ஒடைச்ச இரும்பு அது. அதோட சாதகத்தக் கேளு. 1943-ல வெள்ளக்காரன் உலகப்போருக்குன்னு அவசரமா கட்ட ஆரம்பிச்சான். பேரு ஹெர்குலிஸ். 1945-ல தண்ணியில எறக்குனான், அதுக்குள்ள சண்ட முடிஞ்சுபோச்சு. வேல பாதியில நின்னுச்சு. பத்து வருசத்துக்கு மேல சும்மா கெடந்த கூட்ட 1957-ல நாம வாங்கினோம். பெல்பாஸ்ட்டுல மிச்ச வேலைய முடிச்சு, 1961 மார்ச் 4-ஆம் தேதி கடற்படையில சேத்தாச்சு.

1965-ல பாகிஸ்தான் சண்ட வந்துச்சு. அப்ப நம்ம விக்ராந்த் எங்க இருந்துச்சு தெரியுமா? பழுது பாக்கறதுக்குத் தண்ணிய வெளிய எறைச்சுட்டு நிறுத்துவாங்களே, அந்தத் துறையில. ஆனா அந்தப் பக்கத்துக்காரன் விக்ராந்த்த முழுக்கிட்டோம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். காஞ்ச தரையில நிக்கற கப்பல முழுக்குனவன் உலகத்துலயே அவன் ஒருத்தன்தான்! இதுல ஒரு கணக்கு இருக்கு, கவனிச்சுக்க. ஒரே கப்பலு வெச்சிருந்தா, சண்ட வர்ற அன்னிக்கு அது ஒர்க்ஷாப்புல இருக்கும். இதுக்கு ஜோசியம் பாக்க வேண்டியதில்ல.

அடுத்தது 1971. அப்ப எனக்கு மீசை அரும்பின வயசு. காவேரிப்பட்டணத்துல டீக்கடை ரேடியோவச் சுத்தி ஊரே நிக்கும். எங்களுக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு இருந்துச்சு. விக்ராந்த்தோட கொதிகலன்ல ஒண்ணு விரிசல் உட்டுப்போயிருந்துச்சு. முழு வேகத்துல ஓட முடியாது. பெரிய மனுசனுங்க பாதிப் பேரு அதக் கரையிலயே கட்டி வெய்யுங்கன்னாங்க. கடசியில, இருக்கற கொதிகலன வெச்சே போவோம்னு வங்காள விரிகுடாவுக்குக் கொண்டாந்தாங்க. கெழக்குப் பக்கத்துக் கடற்படைக்குத் தலைவரு நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவில்ல பொறந்தவரு. கப்பல அந்தமான் பக்கமா ஒளிச்சு வெச்சுட்டு அவரு பண்ணுன வேலையக் கேளு. விசாகப்பட்டணத்துல காண்ட்ராக்டருங்ககிட்ட மூட்டை மூட்டையா காய்கறி, கறின்னு ஆர்டரு குடுத்தாரு. இம்மாம் பெரிய ஆர்டருன்னா விக்ராந்த் வருதுன்னு அர்த்தம், சந்தையில இருக்கற ஒற்றன் சேதி சொல்லிடுவான்னு கணக்கு. ரேடியோவுலயும் இன்னொரு கப்பல விக்ராந்த் மாதிரி பேச உட்டாரு.

காஸின்னு ஒரு நீர்மூழ்கி. பாகிஸ்தான்காரனுது. மொதல்ல மெட்ராஸ் பக்கம் தேடுச்சு, பொறவு விசாகப்பட்டணத்து வாசல்ல வந்து படுத்துக்கிச்சு. டிசம்பர் 3 ராத்திரி அங்கயே வெடிச்சு முழுகிடுச்சு. ஐஎன்எஸ் ராஜ்புத் போட்ட குண்டுன்னு நாம சொல்றோம், அவனே வெச்ச கண்ணிவெடின்னு அவனுங்க சொல்றானுங்க. எதுவா இருந்தாலும் விக்ராந்த் அந்தத் திக்குலயே இல்ல. மறுநாளு அதுல இருந்து கெளம்புன சீ ஹாக் விமானம் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் போட்டுத் தாக்குச்சு. விரிசல் உட்ட கொதிகலன், கொஞ்சம் கத்திரிக்கா, நெறைய மூளை. இத மேளம் அடிச்சு எவனும் வீடியோ போடல பாத்தியா?

சரி, ஓடற கப்பல் மேல விமானம் எப்பிடி எறங்குதுன்னு தெரியுமா உனக்கு? ஓசூருக்கு அந்தாண்ட பெலகொண்டப்பள்ளியில ஒரு விமான ஓடுபாதை இருக்குது, போயிருப்ப. ரெண்டு கிலோமீட்டர் நீளம். அசையாது, ஆடாது. நம்ம புது விக்ராந்த்தோட முழு நீளமே 262 மீட்டருதான். அதுலயும் எறங்கறதுக்குக் கெடைக்கறது கொஞ்சம் எடம். அதுவும் ஓடிக்கிட்டும் ஆடிக்கிட்டும் இருக்கும்.

மொதமொதல்ல யூஜின் எலின்னு ஒரு அமெரிக்காக்காரன், 1911 ஜனவரியில, கப்பல் மேல பலகை அடிச்ச மேடையில எறங்குனான். வேகத்தப் புடிச்சு நிறுத்துனது என்னா? குறுக்கால கட்டுன கயிறு, கயித்தோட ரெண்டு முனையிலயும் மணல் மூட்டை. அவ்வளவுதான். நூத்திப் பதினஞ்சு வருசமாச்சு. இன்னிக்கும் விமானத்து வால்ல ஒரு கொக்கி, கப்பல் தரையில குறுக்க ஒரு கம்பி. மணல் மூட்டைக்குப் பதிலா கீழ மெஷினு. கொக்கி கம்பியில மாட்டாமப் போயிடுச்சுன்னா? அதுக்காகத்தான் எறங்கற நொடியில பைலட்டு எஞ்சின முழுசா முறுக்கறான். மாட்டலைன்னா மறுபடி மேல ஏறிடணுமே!

1917-ல டன்னிங்குன்னு ஒரு வெள்ளக்காரன் ஓடற கப்பல்ல எறங்கிக் காட்டுனான். ஃபியூரியஸ்னு கப்பலு. கயிறுகூட கெடையாது. சிப்பாயிங்க ஓடி வந்து ரெக்கையக் கையால புடிச்சு நிறுத்துனாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. அஞ்சு நாளு கழிச்சு மறுபடி எறங்கப் பாத்து கடல்ல உழுந்து செத்தான், பாவம். மொத தடவ கை தட்டுனதோட நிறுத்தி, எப்பிடி எறங்கறதுன்னு உக்காந்து யோசிச்சிருக்கலாம்.

ஜெட்டு வந்த பொறவு தொல்லை பெருசாச்சு. தரை நேரா இருக்கும். கம்பிய உட்டுட்டா எதுத்தாப்புல நிக்கற விமானக் கூட்டத்துல நேராப் போயி மோதணும். எத்தினி பேரு செத்திருப்பான்! 1951-ல கேம்பெல்னு ஒரு கப்பற்படை அதிகாரி, எறங்கற பாதைய ஒரு பக்கமா சாய்ச்சுக் கோடு போடுங்கடான்னாரு. அப்பிடி சாய்ச்சா, கம்பிய உட்டவன் முன்னால கடல்தான் இருக்கும், ஏறிக்கலாம். இதுக்கு எத்தினி கோடி செலவு? மொதல்ல வெறும் பெயிண்டுல கோடு போட்டே பாத்தாங்க. அதே சமயத்துல குட்ஹார்ட்னு இன்னொருத்தரு. தன் ஆபீசுல வேல பாக்கற பொண்ணோட கைக்கண்ணாடிய வாங்கி, உதட்டுச் சாயத்தால குறுக்க ஒரு கோடு போட்டு மேசை மேல வெச்சாரு. வெளக்கு வெளிச்சம் அந்தக் கோட்டுலயே இருக்கற மாதிரி பாத்துக்கிட்டே நடந்து வான்னாரு. அவ நடந்து வந்தா, தாவாக்கட்டை சரியா மேசையில வந்து தட்டுச்சு. அதுல இருந்துதான் பைலட்டுக்கு வழி காட்டற கண்ணாடியும் வெளக்கும் வந்துச்சு. எத்தினி உசுரக் காப்பாத்துன உதட்டுச் சாயம்! உங்க அக்கா பூசறப்ப நீ கேலி பண்ணுவியே, இனிமே பண்ணாத.

இப்ப அறிவு ரொம்ப முத்திப்போன கதைக்கு வருவோம். அமெரிக்காவுல ஜெரால்டு ஃபோர்டுன்னு ஒரு கப்பலு, 2017-ல சேத்தாங்க. உலகத்துலயே பெருசு. 1,300 கோடி டாலரு. மின்காந்தத்துல விமானத்தத் தூக்கி எறியுது. ஆனா அதுல கக்கூசு கொழாய் அடிக்கடி அடைச்சுக்குது! 2020-ல அவங்க அரசாங்கத்துத் தணிக்கைக்காரங்களே எழுதி வெச்சிருக்காங்க. நாலாயிரம் பேருக்கு மேல போற எடத்துல, விமானத்துல இருக்கற மாதிரி காத்து உறிஞ்சற கக்கூசு வெச்சிருக்கான். கொழாயி பத்தல. ஆசிட்டு ஊத்திக் கழுவணும். ஒரு தடவ கழுவ 4 லட்சம் டாலரு. குண்டத் தூக்கற லிஃப்டு 11 இருக்கு, எல்லாத்தையும் ஓட வெக்கவே 2021 ஆயிடுச்சு. ஒரு பெரிய மனுசன் வூட்ட மூணு மாடி கட்டிட்டு கக்கூச மறந்தான்னா நம்மூருல எத்தினி நாளு சிரிப்போம்?

நாம மட்டும் யோக்கியமா? போச்சம்பள்ளிச் சந்தையில ஒரு பேச்சு உண்டு, தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு. ரஷ்யாக்காரன் கோர்ஷ்கோவ்னு ஒரு பழைய கப்பலக் காட்டி, கூடு இலவசம், ரிப்பேர் காசு மட்டும் குடுன்னான். நாம பல்லப் பாக்கல. 2004-ல பேசுனது 97 கோடி டாலரு. 2010-ல அது 235 கோடியாச்சு. 2008-ல தர்றேன்னவன் 2013 நவம்பர்லதான் தந்தான். விக்ரமாதித்யான்னு பேரு வெச்சோம். அதுக்கு முந்தின வருசம் ஓட்டிப் பாக்கறப்ப, கொதிகலன் எட்டுல ஏழு மக்கர் பண்ணுச்சு. ஏன்னு பாத்தா, உள்ள வெக்கிற காப்பு. கல்நார் வேணாம்னு நாம சொன்னோம், அது ஒடம்புக்குக் கெடுதி, சொன்னது சரிதான். அவன் பதிலுக்கு வெச்ச செங்கல்லு சூடு தாங்கல.

அதுக்குன்னு வாங்குன மிக்-29கே விமானத்தப் பத்தி நம்ம தணிக்கை அதிகாரி 2016-ல அறிக்கை குடுத்தாரு. 65 எஞ்சின்ல 40 எஞ்சின் கோளாறுன்னு கழட்டி வெச்சாச்சு. நூத்துக்கு எத்தினின்னு கணக்குப் பாத்தா பறக்கத் தயாரா இருந்தது, ஒரு சமயம் 16-ம் இல்ல, நல்ல சமயத்துல 38-க்குள்ள. நீ வீடியோவுல எண்ணறியே, அந்த வரிசை, அதுல எத்தினி நெஜமா பறக்கும்னு அந்த அறிக்கையிலதான் இருக்கு. யாரு படிக்கறா?

அந்தக் கப்பல்ல நடந்த சாவும் சண்டையில நடந்தது இல்ல. 2016 ஜூன்ல கார்வார்ல, கழிவுநீர் சுத்தம் பண்ற அறையில விஷவாயு தாக்கி ரெண்டு பேரு போனாங்க. கழிவுநீர்த் தொட்டிக்குள்ள எறங்கிச் சாகறவன் சேதி நம்ம பக்கத்துப் பேப்பர்ல வருசா வருசம் வருது, அதே சாவு, போர்க்கப்பலுக்குள்ள. 2019 ஏப்ரல்ல துறைமுகத்துக்குள்ள நுழையறப்பத் தீ. அணைக்கப் போன ஆளுங்களுக்கு முன்னால நின்ன அதிகாரி பொகையில மூச்சு முட்டிச் செத்தாரு. தீ அணைஞ்சுது. கப்பலுக்குப் பெரிய சேதம் இல்லைன்னு பேப்பர்ல போட்டான்.

இங்கதான் கண்ணு, கொஞ்சம் சிரிக்காம கேளு. 1967 ஜூலை 29. வியட்நாம் பக்கம் அமெரிக்காவோட ஃபாரஸ்டல் கப்பலு. மேல விமானமெல்லாம் குண்டும் எண்ணெயும் ஏத்திக்கிட்டு கெளம்பத் தயாரா நிக்குது. ஒரு விமானத்துல இருந்த ராக்கெட்டு தானா பாய்ஞ்சு எதுத்த விமானத்து எண்ணெய்த் தொட்டிய ஒடைச்சுது. ஏன் பாய்ஞ்சுது? நேரம் மிச்சம் பண்ணலாம்னு பாதுகாப்பு ஊசிய முன்கூட்டியே கழட்டியிருந்தான், ஒயர முன்கூட்டியே மாட்டியிருந்தான். கரண்டு ஒரு துள்ளுத் துள்ளுச்சு, போச்சு. அதோட, மொத நாளு ஏத்துன குண்டுல கொஞ்சம் பழசு, துரு ஏறினது. வாங்கி வெச்ச ஆளுங்களே பயந்தாங்க. தீப்புடிச்ச ஒண்ணரை நிமிசத்துல அதுல ஒண்ணு வெடிச்சுது. தீ அணைக்கப் பழகின குழு மொத்தமும் அப்ப அதுக்கு முன்னாலதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

பொறவு மிச்சம் இருந்தவன் ஓடி வந்தான். தைரியத்துக்குக் கொறைச்சல் இல்ல. ஆனா பழகல. ஒருத்தன் நுரை அடிக்கறான், எண்ணெய் மேல போத்தி அணைக்க. பக்கத்துலயே இன்னொருத்தன் தண்ணி பீய்ச்சி அந்த நுரையக் கழுவி உடறான். எரியற எண்ணெய் தண்ணியோட ஓட்டை வழியா கீழ மாடிக்கு எறங்குச்சு. 134 பேரு செத்தாங்க. எதிரி யாரும் சுடல.

ஒண்ணரை வருசம் கழிச்சு 1969 ஜனவரியில எண்டர்பிரைஸ்னு அணுசக்திக் கப்பல்ல அதே கதை. எஞ்சின் கெளப்பற வண்டியோட பொகைக்குழாய் ராக்கெட்டுப் பக்கமா திரும்பி இருந்துச்சு, சூட்டுல அது வெடிச்சுது. 28 பேரு. இந்த ரெண்டுக்கும் பொறவுதான் அவங்களுக்குப் புத்தி வந்துச்சு. கப்பல்ல காலு வெக்கற ஒவ்வொருத்தனும், சமையக்காரன் உட்பட, தீ அணைக்கக் கத்துக்கணும்னு வெச்சான். தரை முழுசும் நுரை பீய்ச்சற கொழாய் பதிச்சான். சூட்டுல சீக்கிரம் வெடிக்காத குண்டு செய்ய ஆரம்பிச்சான். ஃபாரஸ்டல் எரியறப்ப எடுத்த படத்தப் போட்டுக் காட்டித்தான் புதுப் பையனுங்களுக்குப் பாடம் நடத்தறான். ஆனாலும் 2008-ல ஜார்ஜ் வாஷிங்டன் கப்பலு எரிஞ்சுச்சு. யாரோ வெக்கக் கூடாத எடத்துல எண்ணெய் டப்பாவ வெச்சிருந்தான், யாரோ புடிக்கக் கூடாத எடத்துல சிகரெட்டு புடிச்சான். 7 கோடி டாலரு சேதம்.

ஜூலை 29-ன்னேனே, உனக்கு அந்தத் தேதி எதுவும் சொல்லலியா? 2023-ல அதே தேதிதான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில பட்டாசுக் கடை வெடிச்சது. 9 பேரு. அக்டோபர்ல அத்திப்பள்ளியில, ஓசூரு எல்லையத் தாண்டுனதும், இன்னொண்ணு. தீவாளிக்கு நாலு காசு பாக்கலாம்னு போன நம்ம பக்கத்துப் பையனுங்க. காலேஜி படிக்கறவனுங்க. வெளிய போற வழி எத்தினி, அணைக்கற சாமான் எங்கன்னு அவனுங்களுக்கு ஒருத்தராவது காட்டியிருப்பாங்களா? கப்பலு வீடியோவ நிறுத்திட்டு, உன் கம்பெனியில உன் மெஷினுக்குப் பக்கத்துல தொங்குதே செவப்பு சிலிண்டரு, அத எப்பிடித் தொறக்கறதுன்னு சொல்லு பாப்போம். முழிக்கறியே!

சரி, புது விக்ராந்த்தப் பத்தி நல்லது சொல்லலைன்னா நீ சோறு திங்க மாட்ட. சொல்றேன், அது நெசமாவே நல்ல சங்கதி. வெளிநாட்டுல இருந்து வர வேண்டிய எஃகு வரல. ஐதராபாத் ஆராய்ச்சிக்காரங்களும் செயில் கம்பெனியும் சேந்து இங்கயே போர்க்கப்பல் எஃகு உருக்குனாங்க. இந்த ஒண்ணுக்காக நான் எந்திரிச்சு நின்னு கும்புடுவேன். உள்ள போட்ட கேபிள நீட்டுனா கொச்சியில இருந்து டெல்லி போகும்ங்கறான். 2,300 அறை. 16 படுக்கை ஆஸ்பத்திரி. பொம்பளை அதிகாரிங்களுக்குத் தனி அறை. 20,000 கோடி ரூவா, முக்கால்வாசி நம்ம நாட்டுச் சரக்கு. 2022 செப்டம்பர் 2-ல சேத்தாங்க. மொத விமானம் எறங்குனது 2023 பிப்ரவரியில. கல்யாணத்துக்கு அஞ்சு மாசம் கழிச்சு மாப்பிள்ளை வந்தாரு. இப்ப அதுக்குன்னு பிரான்ஸ்ல 26 ரஃபேல் சொல்லியிருக்காங்க, 2025 ஏப்ரல்ல கையெழுத்து, கிட்டத்தட்ட 63,000 கோடி. கப்பல விட மேல நிக்கறது மூணு மடங்கு.

ஒரு வேடிக்கை மட்டும் சொல்லணும். 2019-ல அதக் கொச்சியில கட்டிக்கிட்டு இருந்தப்ப உள்ள இருந்த கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் காணாமப் போச்சு. வெளிநாட்டுச் சதியா, உளவாளியான்னு தேசியப் புலனாய்வு முகமை தேடு தேடுன்னு தேடுச்சு. கடசியில யாரு? பெயிண்டு அடிக்க வந்த ரெண்டு பேரு! காண்ட்ராக்டர் கூலிப் பிரச்சினையில கழட்டிக்கிட்டுப் போயிட்டானுங்களாம். காஸிய ஏமாத்துன நாடு, பெயிண்டருகிட்ட ஏமாந்துச்சு.

டீக்கடையில இப்ப சண்டை என்னான்னா, மூணாவது கப்பலு வேணுமா வேணாமா. ஒருத்தன், ஏவுகணை ஒண்ணு வந்தா அம்மாம் பெரிய கப்பலும் காலிங்கறான். இன்னொருத்தன், சைனாக்காரன் கட்டறானேங்கறான். என் கணக்கு சின்னது. எப்பவும் ஒண்ணு ஒர்க்ஷாப்புல இருக்கும், அத 1965-லயே பாத்துட்டோம். ரெண்டு இருந்தா கடல்ல ஒண்ணு, மூணு இருந்தா ரெண்டு. வேணும்னா கட்டட்டும், காசு இருந்தா. ஆனா புது விக்ராந்த்துக்கு அடிக்கட்டை போட்டது 2009, சேத்தது 2022. இன்னிக்கே மூணாவதுக்கு ஆரம்பிச்சாலும் அது மெதக்கறப்ப உனக்கு முன்மண்டை வழுக்கையாகி இருக்கும். அது வரைக்கும் செல்லப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பியா? பேசாம நல்ல வெல்டிங் கத்துக்க. கொச்சியில ஆளெடுப்பான். போனா, காண்ட்ராக்டருகிட்ட கூலிய மொதல்லயே கறாராப் பேசிக்க.